ஆவணங்களுக்குச் சிறுபடம் ஏன் தெரிவதில்லை? திருமங்கலத்துக் கேள்வியும் தொடர்ந்த குறிப்புகளும்

8 நவம்பர் 2025, காலை (வாசகர் கேள்வி)

"அண்ணே, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டதால், திருமங்கலத்தில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தட்டச்சு நிலையத்தின் பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டோம். வேலை எல்லாம் நடக்கிறது. ஆனால் போல்டரைத் திறந்தால் கிரயப் பத்திரம் எது, வில்லங்கச் சான்று எது என்று படத்தைப் பார்த்து எடுக்க முடியவில்லை. சில பிடிஎஃப்களுக்குப் படம் தெரிகிறது, சிலவற்றுக்கு இல்லை. வேர்டு கோப்பு ஒன்றுக்குக்கூட இல்லை. நெமோ என்கிற அந்தக் கோப்பு மேலாளரே கோளாறானது, வேறொன்று போடு என்கிறார் கூட்டாளி. போடலாமா?"

8 நவம்பர் 2025, மாலை

போட வேண்டாம், தம்பி. கோப்பு மேலாளரை மாற்றினாலும் அதே வெற்றுச் சின்னங்கள்தான் பெரும்பாலும் திரும்ப வரும். சிறுபடத்தை, அதாவது கோப்பின் சின்னத்தில் முதல் பக்கத்தைக் காட்டும் 'தம்ப்நெயிலை', நெமோ தானாக வரைவதில்லை. ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் தனியாக ஒரு உதவி நிரல் இருக்கிறது, அதனிடம் கோப்பைக் கொடுத்துப் படத்தை வாங்கி வைத்துக்கொள்வது மட்டுமே நெமோவின் வேலை. எந்த நிரல் எந்த வகைக்கு என்பதைச் சொல்லும் சிறு குறிப்புக் கோப்புகள் 'யூஎஸ்ஆர்' கோப்புறைக்குள் 'ஷேர்', அதற்குள் 'தம்ப்நெயிலர்ஸ்' என்ற இடத்தில் இருக்கும். அதைத் திறந்து பார்த்தாலே உங்கள் கணினிக்கு எதையெல்லாம் வரையத் தெரியும் என்பது விளங்கிவிடும். மின்டில் பிடிஎஃப்புக்கு, அதைத் திறந்து காட்டும் எக்ஸ்ரீடர் நிரல் வழியாக ஒன்று முன்பே இருக்கிறது. 2022 ஜூலையில் வெளிவந்த மின்ட் 21 முதல் மின்னூல், எம்பி3 உறைப்படம், வெப்பி வடிவப் படம் போன்றவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். வேர்டு, எக்செல், லிப்ரே ஆபீஸ் கோப்புகளுக்கு மட்டும் நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே "படம் வரவில்லை" என்று மொத்தமாகச் சொல்வதை விட்டுவிட்டு, எந்த வகைக்கு வரவில்லை, எந்த இடத்தில் இருக்கும் கோப்புக்கு வரவில்லை என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் கேள்வியிலேயே குறைந்தது இரண்டு வெவ்வேறு காரணங்கள் கலந்து கிடக்கின்றன என்று நினைக்கிறேன்.

9 நவம்பர் 2025

வேர்டு கோப்பை முதலில் முடித்துவிடுவோம். 'லிப்ஜிஎஸ்எஃப்-பின்' (libgsf-bin) என்ற தொகுப்பை மென்பொருள் மேலாளரில் தேடி நிறுவுங்கள். அதனுள் அலுவலக ஆவணங்களுக்கான சிறுபட நிரல் இருக்கிறது. நிறுவியபின் ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள்.

அதன் பிறகும் உங்கள் வேர்டு கோப்புகளில் பெரும்பாலானவற்றுக்குப் படம் வராது என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு என்னைத் திட்டுவீர்கள். இந்த நிரல் ஆவணத்தைத் திறந்து பக்கத்தை வரைவதில்லை. ஆவணத்துக்குள் யாராவது முன்கூட்டியே ஒரு படத்தை வைத்திருந்தால் அதை எடுத்துக் காட்டும், இல்லையென்றால் கைவிரித்துவிடும். வேர்டின் டாக்எக்ஸ், லிப்ரே ஆபீஸின் ஓடிடி இரண்டுமே உண்மையில் ஜிப் பொட்டலங்கள்தாம். ஒரு ஓடிடி கோப்பை நகலெடுத்து, நகலின் பெயரின் வாலை 'ஜிப்' என்று மாற்றித் திறந்தால், உள்ளே 'தம்ப்நெயில்ஸ்' என்ற கோப்புறையும் அதில் முதல் பக்கத்தின் பிஎன்ஜி படமும் இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். லிப்ரே ஆபீஸ் சேமிக்கும்போதே அதை வைத்துவிடுகிறது. வேர்டு அப்படிச் செய்வதில்லை. எஃப்12 அழுத்தினால் வரும் சேமிப்புப் பெட்டியின் அடிப்பகுதியில் 'சேவ் தம்ப்நெயில்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டுச் சேமித்த கோப்புக்குள் மட்டுமே படம் இருக்கும். பவர்பாயின்ட் பெரும்பாலும் கேட்காமலேயே ஒரு ஜேபெக் படத்தை உள்ளே வைத்துவிடுவதால், ஒரே போல்டரில் பவர்பாயின்ட் கோப்புக்குப் படமும் வேர்டு கோப்புக்கு வெற்றுச் சின்னமும் தெரிவதைப் பலரும் கோளாறு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு முடிச்சும் உண்டு. டிக் போட்டிருந்தாலும் வேர்டு அந்தப் படத்தை இஎம்எஃப் என்ற விண்டோஸ் வடிவத்தில் வைக்கும் வழக்கம் இருப்பதால், லினக்ஸில் அதைப் படமாக மாற்றும் இடத்தில் தடுக்கி விழுவதும் நடக்கிறது. உங்கள் நிலையத்தின் ஆயத்தப் படிவங்கள், அதாவது கிரயம், தானம், விடுதலை, ஒத்தி என்று வைத்திருப்பவை, விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருக்கும். அவற்றை லிப்ரே ஆபீஸில் திறந்து ஓடிடியாகச் சேமித்துக்கொண்டால் இந்தத் தலைவலி முழுவதும் போய்விடும்.

11 நவம்பர் 2025

திருமங்கலத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. படம் வராத பிடிஎஃப்களில் பெரும்பகுதி, முன்னறையில் ஸ்கேனரோடு இருக்கும் இன்னொரு கணினியின் பகிர்வு போல்டரில் இருப்பவையாம். அப்படியென்றால் நெமோவின் விருப்பத்தேர்வுகளில் 'முன்னோட்டம்' என்ற பக்கத்துக்குப் போங்கள். சிறுபடத்தை எப்போதும் காட்டுவதா, இந்தக் கணினியில் உள்ளவற்றுக்கு மட்டும் காட்டுவதா, காட்டவே வேண்டாமா என்று மூன்று நிலைகள் இருக்கும். வலையமைப்பு வழியாகத் திறக்கும் போல்டரை நெமோ வெளிக் கோப்பாகவே கணக்கிடுகிறது. முதல் நிலைக்கு மாற்றுங்கள்.

அதே பக்கத்தில் எத்தனை எம்பி வரையுள்ள கோப்புக்குப் படம் என்ற வரம்பும் இருக்கிறது. தாய்ப்பத்திரத்தை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வண்ணத்தில் ஸ்கேன் செய்பவர்கள் அதை அவசியம் பார்க்க வேண்டும். ஒரு ஏ4 பக்கம் 300 டிபிஐயில் சுமார் 87 லட்சம் புள்ளிகள். 600இல் அது நான்கு மடங்காகி ஏறக்குறைய 3 கோடியே 48 லட்சம் ஆகிவிடும். பழைய முத்திரைத்தாளின் பழுப்பைக்கூட விடாமல் பிடித்துவைக்கும் அந்தக் கோப்பு, வரம்பைத் தாண்டிவிட்டதென்ற ஒரே காரணத்தால் வெற்றுச் சின்னமாக உட்கார்ந்திருக்கும். வரம்பைக் கூட்டினாலும் எக்ஸ்ரீடர் போல, எவின்ஸ் என்ற பிடிஎஃப் நிரலின் வழிவந்தவை 15 விநாடிக்குள் முதல் பக்கத்தை வரைய முடியாவிட்டால் தாமாகவே விலகிக்கொள்ளும். பழைய கணினி, வலையமைப்பு வழியாக வரும் கோப்பு, 600 டிபிஐ மூன்றும் சேர்ந்தால் அந்த நேரம் போதாது. எழுத்தாவணத்துக்கு 300 தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. பத்திர எழுத்தர்கள் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

16 நவம்பர் 2025

பகிர்வு போல்டர் சரியாகிவிட்டதாம். ஆனால் எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் ஒரு சில கோப்புகள் பிடிவாதமாக வெறும் சின்னமாகவே இருக்கின்றன என்கிறார். இது நல்ல கேள்வி. பலர் இந்த இடத்தில்தான் வெறுத்துப்போய் கணினியையே மறுபடி நிறுவுகிறார்கள்.

வரைந்த சிறுபடங்கள் எல்லாம் நம் வீட்டுக் கோப்புறைக்குள், முன்னால் புள்ளி வைத்து மறைக்கப்பட்ட 'கேஷ்' என்ற இடத்தில், 'தம்ப்நெயில்ஸ்' என்பதற்குள் சேர்கின்றன. கண்ட்ரோல், ஹெச் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மறைந்தவை தெரியும். உள்ளே 'நார்மல்' என்பது 128 புள்ளி அளவு, 'லார்ஜ்' 256. புதிய பதிப்புகளில் 512, 1024 அளவுகளுக்கும் தனித்தனி இடம் உண்டு. இவற்றோடு 'ஃபெயில்' என்று ஒன்று இருக்கும். உதவி நிரல் ஒரு கோப்பில் தோற்றுவிட்டால், "இதை முயன்று பார்த்தாயிற்று, முடியவில்லை" என்ற பதிவு அதற்குள் போய்விடும். அதன் பிறகு அந்தக் கோப்பைத் திருத்தாதவரை அமைப்பு அதை மறுபடி முயல்வதே இல்லை. ஒவ்வொரு முறை போல்டரைத் திறக்கும்போதும் முடியாத வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து கணினியைத் திணறடிக்கக் கூடாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடுதான் இது. ஆனால் நாம் வரம்பையும் நிரலையும் சரிசெய்த பிறகும் பழைய தோல்விப் பதிவு அப்படியே கிடந்து வழியை மறிக்கிறது. 'ஃபெயில்' கோப்புறையை அழித்துவிட்டு நெமோவை மூடித் திறங்கள். மொத்த 'தம்ப்நெயில்ஸ்' கோப்புறையையே அழித்தாலும் ஆவணங்களுக்கு ஒரு சேதமும் இல்லை. படங்கள் மீண்டும் வரையப்படும், முதல் நாள் கொஞ்சம் மெதுவாக இருக்கும்.

17 நவம்பர் 2025

அழித்தும் வராதவை எவை என்று பெயர்ப்பட்டியல் அனுப்பியிருக்கிறார். எல்லாமே தரவிறக்கிய இ-ஆதார். அவற்றுக்கு வராது, வரவும் கூடாது. பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும் சேர்ந்த கடவுச்சொல்லால் பூட்டப்பட்ட பிடிஎஃப் அது. நமக்கே திறக்காத கோப்பைப் படம் வரையும் நிரல் எப்படித் திறக்கும்?

30 நவம்பர் 2025

மேலூரிலிருந்து ஒரு வாசகர், தாம் விண்டோஸ் 11 வைத்திருப்பதாகவும், அக்டோபர் மாதப் புதுப்பிப்புக்குப் பிறகு சிறுபடம் வேலைசெய்யவில்லை என்றும், ஆகவே இது லினக்ஸ் சங்கதி அல்ல என்றும் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அவர் சொல்வது சிறுபடம் அல்ல. கோப்பைத் தேர்ந்தெடுத்தால் வலப்பக்கம் பெரிதாகப் பக்கத்தைக் காட்டும் முன்னோட்டப் பலகம் வேறு. 2025 அக்டோபர் 14 முதல் வந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள், இணையத்திலிருந்து தரவிறக்கிய கோப்புகளுக்கு அந்தப் பலகத்தை வேண்டுமென்றே நிறுத்தியிருக்கின்றன. ஒரு கோப்பை முன்னோட்டம் பார்ப்பதாலேயே நம் உள்நுழைவு விவரம் வெளியே கசியக்கூடிய ஒரு வழியை அடைப்பதற்காகச் செய்தது அது. பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் அரசுத் தளத்திலிருந்து இறக்குபவருக்கு எல்லாக் கோப்பும் இணையக் கோப்புதான் என்பதால் எல்லாமே நின்றதுபோல் தோன்றும். நம்பிக்கையான கோப்பென்றால் அதன் பண்புகளைத் திறந்து, கீழே 'அன்பிளாக்' என்ற கட்டத்தில் டிக் போட்டால் போதும். மொத்தமாக இதைத் தளர்த்திவிட வழி தேடாதீர்கள்.

விண்டோஸில் உண்மையிலேயே சிறுபடம் இல்லையென்றால் பார்க்க வேண்டியவை வேறு. போல்டர் விருப்பங்களில் 'எப்போதும் சின்னங்களையே காட்டு, சிறுபடம் வேண்டாம்' என்ற வரியில் டிக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கணினியை வேகமாக்கித் தருகிறேன் என்று யாராவது கைவைத்திருந்தால், அநேகமாக அதைத்தான் தட்டியிருப்பார்கள். பிடிஎஃப்புக்கு மட்டும் இல்லையென்றால், அதைத் திறக்கும் இயல்பு நிரல் உலாவியாக மாறியிருக்கும். அடோபி ரீடர் இருந்தால் அதன் விருப்பத்தேர்வுகளில் 'ஜெனரல்' பக்கத்தில், விண்டோஸின் கோப்பு மேலாளரான எக்ஸ்ப்ளோரரில் சிறுபடம் காட்ட அனுமதிக்கும் கட்டம் ஒன்று உண்டு, அதில் டிக் போட வேண்டும். இங்கும் கதை அதேதான்: எக்ஸ்ப்ளோரர் எதையும் வரைவதில்லை, வரையத் தெரிந்த நிரலைக் கூப்பிடுகிறது.

14 டிசம்பர் 2025

ஒன்றைச் சேர்க்க வேண்டும். நெமோவைத் திறந்ததும், சிறுபடச் சேமிப்பில் சிக்கல், சரிசெய்ய நிர்வாகி அனுமதி தேவை என்று ஒரு பட்டை தோன்றினால், யாரோ நிர்வாகி உரிமையோடு கோப்பு மேலாளரை ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அந்தச் சேமிப்பில் சில கோப்புகள் நிர்வாகி பெயருக்குப் போய்விட்டதால் நாம் எழுத முடியவில்லை. அந்தப் பட்டையின் பொத்தானை அழுத்தினால் அதுவே சரிசெய்துவிடும். அழுத்தாமல் மூடிவிட்டுப் பிறகு புலம்புகிறவர்களே அதிகம்.

18 ஜனவரி 2026

தை பிறந்துவிட்டதால் அச்சகங்களில் கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடக்கிறது. கேள்விகளும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. சிம்மக்கல் பக்கம் நான் கணினி பார்த்துக்கொடுக்கும் ஓர் அச்சகத்தில், பிள்ளையார் வைத்தது, மீனாட்சி திருக்கல்யாணம் வைத்தது என்று வாடிக்கையாளர் கேட்கும் மாதிரியைப் பெயரைக்கொண்டு தேட வழியில்லை. படத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளின் எக்ஸ்4 பதிப்பு முதல் அதன் கோப்பும் ஜிப் பொட்டலமாகி, உள்ளே ஒரு சிறுபடமும் இருப்பதால், கோரல் நிறுவிய விண்டோஸ் கணினியில் சிக்கலில்லை. 2001இல் வந்த பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7இல் இன்னமும் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோப்புக்குச் சிறுபடம் வந்து நான் கண்டதில்லை. அங்கே நாங்கள் செய்வது, வேலை முடிந்ததும் அதே பெயரில் ஒரு பிடிஎஃப் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடுவது. பெயர் வரிசையில் இரண்டும் அடுத்தடுத்து நிற்பதால் பிடிஎஃப்பின் படத்தைப் பார்த்து மற்றதைத் திறக்கலாம். அழகான தீர்வு அல்ல, ஆனால் நிரல் எதையும் நம்பியிருக்கவில்லை.

இதே அச்சகத்தில் கண்ட ஒரு வேடிக்கை. யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய ஓடிடி ஒன்றின் சிறுபடத்தில் "திருமண அழைப்பிதழ்" என்று தமிழில் தெளிவாகத் தெரிகிறது. இரண்டு முறை தட்டித் திறந்தால் உள்ளே முழுவதும் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டிக் கிடக்கிறது. கோப்பு கெட்டுவிட்டது என்று பதறினார்கள். கெடவில்லை. எழுத்துரு இருந்த கணினியில் சேமித்தபோது எடுத்த படம் உள்ளே அப்படியே இருக்கிறது. எழுத்துரு இல்லாத இந்தக் கணினி உரையை மட்டும் தனக்குத் தெரிந்தபடி காட்டுகிறது. திருத்தாமல் மூடிவிடுங்கள் என்று சொன்னேன், ஏனென்றால் இங்கேயே சேமித்தால் படமும் கிறுக்கலாகிவிடும், பிறகு அந்த வடிவமைப்பை அடையாளம் காண ஒன்றுமே மிஞ்சாது. முதலில் எழுத்துருவை நிறுவ வேண்டும்.

25 ஜனவரி 2026

நவம்பர் 11இல் "எப்போதும் காட்டு" என்ற நிலைக்கு மாற்றச் சொன்னதைப் பற்றி இப்போது வேறுவிதமாக யோசிக்கிறேன். ஒரு ஜெராக்ஸ் கடையின் கணினியைச் சுத்தம் செய்யப்போனபோது, சிறுபடச் சேமிப்பின் 256 அளவுக் கோப்புறையைத் திறந்து பார்த்தேன். வரிசை வரிசையாக வாடிக்கையாளர்களின் தாள்கள்: வாரிசுச் சான்று ஒன்று, முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் ஒன்று, மூலையில் புகைப்படம் ஒட்டிய வாடகை ஒப்பந்தங்கள். மூலக்கோப்பு ஒன்றும் அந்தக் கணினியில் இல்லை. அவர்கள் பென் டிரைவில் கொண்டுவந்து, அச்சடித்துக்கொண்டு, பென் டிரைவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். படம் மட்டும் இங்கே தங்கிவிட்டது. ஒவ்வொரு சிறுபடத்துக்குள்ளும் மூலக்கோப்பின் முழு முகவரியும் எழுதப்பட்டிருப்பதால் பெயரும் தெரிந்துவிடுகிறது. 256இல் தலைப்பும் முகமும் தெரிகின்றன. 1024இல் தாளில் உள்ள எண்களையே படித்துவிடலாம் என்று நினைக்கிறேன். லினக்ஸின் க்னோம் என்ற மேசைத்தளம் பழையவற்றைத் தானே கழிக்கிறது என்றாலும் அதன் இயல்புக் கணக்கு 180 நாள், 512 எம்பி.

ஆகவே, தம்பி, உங்கள் நிலையத்தில் இரண்டு கணினிகளையும் ஒரே மாதிரி வைக்க வேண்டாம். நீங்கள் படிவம் எடுக்கும் கணினியில் சிறுபடம் இருக்கட்டும். வருகிறவர்களின் பென் டிரைவைச் செருகும் முன்னறைக் கணினியில் முழுவதுமாக நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதற்கு முன் சேர்ந்திருப்பவற்றையும் அழித்துவிடுங்கள், நிறுத்தினால் மட்டும் பழையவை போகாது. 2017 ஜூலையில், ஒரு விண்டோஸ் நிறுவல் கோப்பின் பெயரிலேயே கட்டளையை ஒளித்துவைத்து, லினக்ஸில் அந்தப் போல்டரைத் திறந்த மாத்திரத்தில் சிறுபட நிரல் வழியாக அதை ஓடவைக்கும் ஓட்டை வெளிவந்தது. அதன் பிறகு க்னோம் உதவி நிரல்களைத் தனிக்கூண்டுக்குள் வைத்து ஓட்டுகிறது. இருந்தாலும் ஊரார் பென் டிரைவெல்லாம் வந்துபோகும் கணினியில் எதற்கு அந்தச் சோதனை?

1 பிப்ரவரி 2026

உலகனேரியில் வழக்கறிஞர் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருப்பவர், தம் கணினியில் சிறுபடம் அனைத்தும் சரியாக வருவதாகவும், ஆனால் எல்லா மனுவும் ஒரே முகப்புத் தாளுடன் தொடங்குவதால் எல்லாப் படமும் ஒன்றுபோலவே இருப்பதாகவும், இரண்டாம் பக்கத்தைக் காட்டச் சொல்ல முடியுமா என்றும் கேட்கிறார். பிடிஎஃப்புக்கு முதல் பக்கத்தைத்தான் வரைவார்கள். மாற்றுவதற்கு நெமோவில் பொத்தான் எதுவும் கிடையாது. 'தம்ப்நெயிலர்ஸ்' இடத்திலுள்ள குறிப்புக் கோப்பைத் திருத்தி வேறு பக்கத்தை வரையும் சிறு நிரலை இணைக்கலாம், செய்யத் தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை. ஆனால் ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் அது நிலைக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திருமங்கலத்திலும் வில்லங்கச் சான்றுகளுக்கு இதே நிலைதான்: அரசுத் தளம் தரும் தாள் எல்லாம் ஒரே தலைப்பு, ஒரே கட்டம். வழக்கு எண்ணையும் ஆண்டையும் முன்னால் வைத்து, கட்சிக்காரர் பெயரைப் பின்னால் சேர்த்துக் கோப்புக்குப் பெயரிடுங்கள். போல்டரைப் பட்டியல் பார்வைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மனுக்கள் இருக்கும் அந்த ஒரு போல்டருக்கு மட்டும் மாற்றினால் போதும், நெமோ ஒவ்வொரு போல்டரின் பார்வையையும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும்.